கேத வீட்டு நேரலை

ஊதுபத்திப் புகை லென்ஸுக்கு முன்னால் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஓடும் விசிறி புகையை வளைத்து வளைத்து என் பக்கமே தள்ளுகிறது. கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று இந்த வீட்டில் யாரிடம் சொல்வது, எல்லோரும் அழுதுகொண்டோ, அழுது முடித்துச் சுவரில் சாய்ந்துகொண்டோ இருக்கிறார்கள், நானே குனிந்து நகர்த்தினால் என் கை படத்தில் விழும். விழட்டும் என்று நகர்த்திவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உலகம்மாள் படுத்திருக்கிறார். வாசலில் ஒட்டிய சுவரொட்டியில் படித்த பெயர். உயிரோடு இருந்தபோது இவரை நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகிற வீடுகளில் நான் பார்க்கிறவர்கள் யாரையுமே உயிரோடு பார்த்ததில்லை, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மணப்பெண்ணிடம் ஒரு சிரிப்பாவது கிடைக்கும். பெட்டியின் கண்ணாடியில் டியூப்லைட் வெள்ளைக் கோடாக விழுந்து அந்த அம்மாவின் நெற்றியை மறைத்தது, கோட்டுக்குப் பக்கத்தில் ட்ரைபாடும் அதன் பின்னால் நானும் சின்னதாகத் தெரிந்தோம். இறந்தவரின் மகன் குற்றாலிங்கம் அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். அம்மா செத்துக் கிடக்கையில் எவளோ ஒரு பெண் வந்து விளக்கை அணை என்கிறாள், அவர் அணைக்கிறார், அந்த அளவுக்கு இந்தக் கேமராவுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அல்லது அந்த நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் அவர் செய்திருப்பார். இப்போது முகம் தெளிவாகத் தெரிகிறது. வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. நான் முகத்தைப் பார்க்கக்கூடாது, சட்டகத்தின் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும், ஓரத்தில் செருப்பு, தண்ணீர் பாட்டில், யாருடைய முதுகாவது தெரிகிறதா என்று பார். முகத்தைப் பார்த்தால் சாயங்காலம் சாப்பாடு இறங்காது. இதை எனக்கு ஜெயசிங் அண்ணன் சொல்லித்தந்தார். ஸ்டூடியோ அவருடையது, இன்றைக்கு அவர் கோவில்பட்டியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டார். கேத வீட்டுக்கு நான் தனியாக வருவது இதுதான் முதல் தடவை.

இதற்கா மூன்று வருசம் படித்தாய் என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்கு இதுவரை தெரியாது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், சுகிர்தா ஷூட்டுக்குப் போயிருக்கா என்று பக்கத்து வீட்டில் சொல்லும்போது அவள் குரலில் ஒரு ஏறுமுகம் கூட வரும், ஆனால் அதே வாயால் என்னிடம், ஏளா, நர்சிங்கு சேந்திருந்தா இந்நேரம் கையில வேலை இருந்திருக்கும்லா என்பாள். சேர்க்கை நாளன்று பாளையங்கோட்டைக் கல்லூரியின் அரங்கத்தில் துறைத்தலைவர் பெரிய திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார், டிஜிட்டல் மீடியா படித்தவர் எடிட்டர் ஆகலாம், ஒலிப்பதிவாளர் ஆகலாம், விளம்பரத்தில் போகலாம், செய்தியில் போகலாம், கிராபிக்ஸ், அனிமேஷன், எல்லாப் படங்களிலும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு ஏதோ நாட்டுக்காரர்கள். அப்பா பேக்கரியில் மாவு பிசைந்த கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தார், நகக்கண்ணில் மைதா காய்ந்து ஒட்டியிருந்தது, அவர் என் பக்கம் குனிந்து, இதுல எது உனக்குப் பிடிச்சிருக்கு என்று மட்டும் கேட்டார். எல்லாம் என்றேன். அந்த எல்லாம் எங்கே போயிற்று. எங்கள் வகுப்பில் பெனிட்டா ஒரு நகைக்கடைக்குத் தினம் ஒரு ரீல் எடுத்துக்கொடுக்கிறாள், மனோ பிளாட் விற்கிற கம்பெனிக்கு ட்ரோன் ஓட்டுகிறான், ஆஷிகா பெங்களூரில் யாருடைய வீடியோக்களுக்கோ முகப்புப் படம் செய்கிறாள், அவள் மட்டும்தான் சந்தோஷமாக இருப்பதாகத் தெரிகிறது, அல்லது அவள் போடும் படங்களில் அப்படித் தெரிகிறது, படத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைத்தானே மூன்று வருசமும் படித்தோம். எனக்குச் சென்னை வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றால் அழைப்பு, திங்கட்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய கட்டடத்தில் வரிசை வரிசையாகத் திரைகள், மக்கள் புகார் சொன்ன வீடியோக்கள் ஒவ்வொன்றாக வரும், பார்த்துவிட்டு இருக்கட்டும் என்றோ எடுத்துவிடு என்றோ அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கல்லூரிக்கே வந்து தேர்வு வைத்தார்கள். நான் வேகமாக அழுத்துகிறேன் என்று பாராட்டினார்கள். என்னென்ன பார்த்தேன் என்று வீட்டில் சொல்லவில்லை. நாய் ஒன்றை, வேண்டாம், இப்போது அதை நினைக்க வேண்டாம். ஓரத்தைப் பார். ஓரத்தில் யாருடையதோ மூக்குக்கண்ணாடி தரையில் கிடக்கிறது, யாராவது மிதித்துவிடப்போகிறார்கள்.

லேப்டாப் என் மடியில் சுடுகிறது. கேமராவிலிருந்து இதற்கு வந்து, இதிலிருந்து லிங்க் வழியாக மஸ்கட், துபாய், மும்பையில் தாராவி என்று உலகம்மாளின் சொந்தங்கள் எங்கெங்கு இருக்கிறார்களோ அங்கெல்லாம் போகிறது. வலது பக்கம் சாட் ஓடுகிறது. கும்பிடும் கைகள், கும்பிடும் கைகள், ஆழ்ந்த இரங்கல், பெரியம்மா எங்களை விட்டுட்டுப் போய்ட்டீயளே, ஆடியோ வரல, இப்ப வருது. ஒரு மனிதர் எல்லாருக்கும் காலை வணக்கம் என்று போட்டுவிட்டு உடனே அழித்தார். ரெஜினா மிஸ் முதல் வருசத்தில் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் சொல்கிறவர், அந்தப் பக்கம் கேட்கிறவர், நடுவில் ஊடகம், ஊடகத்துக்குள் நுழைந்து தொந்தரவு செய்கிற எல்லாமே இரைச்சல் என்று எழுதினார், நான் அதை அப்படியே பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இங்கே சொல்கிறவர் யார். உலகம்மாளா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாட்டில் பிரமு என்று ஒரு பெயர் வந்தது. கும்பிடும் கை இல்லை, இரங்கல் இல்லை, நேராக என்னிடம் கேட்டது. கொஞ்சம் கிட்டக் காட்டுங்க. காட்டினேன், லென்ஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினால் முகம் தானே எழுந்து நம்மிடம் வருவது போலிருக்கும். நன்றி தங்கச்சி என்று வந்தது. நான் பெண் என்று எப்படித் தெரியும் என ஒரு நொடி திடுக்கிட்டேன், பிறகு ஊதுபத்தியை நகர்த்தின கை ஞாபகம் வந்தது. என் கையைப் பார்த்திருக்கிறார். இத்தனை பேர் பார்க்கிற இடத்தில் என் கையைக் கவனித்த ஒரே ஆள். பிறகு பிரமு எழுதினார், மெலிஞ்சிட்டாங்க. அதன்பிறகு, முடியெல்லாம் எப்ப இப்படி வெளுத்துச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் யாரும் போடவில்லை. கீழே கும்பிடும் கைகளும் நின்றுவிட்டன. ஒரு அறைக்குள் பிடிக்காத ஆள் வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்களே, அந்த மாதிரி சாட் நின்றது.

குற்றாலிங்கம் அண்ணாச்சி தன் போனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். மேல்சட்டை இல்லை, வேட்டி மட்டும், தோளில் ஈரத்துண்டு. மஸ்கட்டிலிருந்து மச்சான் கூப்பிட்டுச் சொன்னார் என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அதுல பிரமுன்னு ஒரு பேரு வருதுல்லா. அதை எடுத்திரும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யார் அண்ணாச்சி அது என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, இந்த வேலையில் கேட்கக் கூடாது. அவர் பெட்டியைப் பார்த்தார். தன் தங்கை என்றார். பிரமநாயகி. அவளுக்கு யாரும் லிங்க் அனுப்பவில்லை, எவனோ இரக்கப்பட்டு அனுப்பியிருக்கிறான் என்றார். அப்புறம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "செத்தாலும் அவ எம்மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு. நானாச் சொல்லல, பாத்துக்கோ" என்றார். பந்தலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார். எடுத்திரு. சென்னை வேலைக்கு வைத்த தேர்வில் திரையில் வந்த அதே சொல். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரின் மேல் அழுத்தினால் பயனரை மறை என்று வரும், அழுத்தினால் பிரமு எழுதுவது யாருக்கும் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அவர் பார்ப்பதை நான் நிறுத்த முடியாது. லிங்க் கையில் இருக்கிறவரை பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ஆக, அழுத்திவிட்டு எடுத்துட்டேன் அண்ணாச்சி என்று சொன்னால் அவருக்கும் நிம்மதி, அந்த அம்மாவின் வார்த்தையும் காப்பாற்றின மாதிரி, மகளும் பார்த்துக்கொண்டிருப்பாள், எனக்கும் பொல்லாப்பு இல்லை. எல்லோருக்கும் நல்லது. இவ்வளவு நல்லதை ஒரே அழுத்தில் செய்ய முடிகிற வேலை வேறு என்ன இருக்கிறது. அழுத்தினேன். பந்தல் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தேன். அவரும் அசைத்தார்.

சாட்டில் மறுபடி கும்பிடும் கைகள் வரத் தொடங்கின. ஆத்மா சாந்தி அடையட்டும். பெரியம்மா முகத்தில் என்ன ஒரு களை. ஒன்று மட்டும் மெதுவாக, கால் மரத்துப்போய்ப் பிறகு உறைக்குமே, அந்த மாதிரி உறைத்தது. மறைக்கப்பட்டவருக்கு அது தெரியாது. அவர் திரையில் அவர் எழுதுவது எல்லாம் வழக்கம்போல் அவருக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த நேரம் அவர் எழுதிக்கொண்டிருக்கலாம். தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டுக்கூட எழுதியிருக்கலாம். பதில் வராததற்கு அவர் என்ன காரணம் நினைப்பார், நான் வேலையாக இருப்பதாக நினைப்பார், கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் வேண்டுமென்றே பேசாமல் இருப்பதாக நினைப்பார், அதுவும் அவருக்குப் பழக்கம்தானோ என்னவோ. ஒரு அறை, அதில் மேஜை மேல் டம்ளரில் சாய்த்து வைத்த போன், நான் ஏன் டம்ளர் என்று நினைத்தேன், எங்கள் வீட்டில் அப்பா அப்படித்தான் வைப்பார். கேட்கீப்பர் என்று ரெஜினா மிஸ் சொன்னார், செய்தி வருகிற வழியில் ஒருவர் நின்றுகொண்டு எது உள்ளே போகலாம் எது போகக் கூடாது என்று பார்க்கிறார். பெரிய பெரிய பத்திரிகை ஆசிரியர்களை உதாரணம் சொன்னார். நாங்கள் எல்லோரும் அந்தக் கதவில் நிற்கப்போகிறவர்கள் என்று பெருமையாக இருந்தது. கதவு இவ்வளவு சின்னதாக, விரல் நகம் அளவுக்கு, ஒரு பெயருக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளாக இருக்கும் என்று அப்போது தெரியவில்லை. சென்னை வேலைக்கு வைத்த தேர்வின்போது ஒரு வீடியோவில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான், எதுவும் தப்பாக நடக்கவில்லை, அழுகை மட்டும், அதை எதற்குப் புகார் செய்தார்கள் என்று புரியவில்லை, நான் யோசித்ததில் நேரம் போய்விட்டது. அடுத்தடுத்ததை வேகமாக அழுத்தி ஈடுகட்டினேன். அந்த ஆளுக்கு நான் எதை அழுத்தினேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் வருகிறது, ரத்தம் வந்ததெல்லாம் வருவதில்லை, அந்த ஆள் வருகிறான், நான் எதை அழுத்தினேன்.

எதிர் வீட்டு அம்மா ஒரு டம்ளரில் கடுங்காப்பி கொண்டுவந்து தந்தார். செல்லக்கனி என்று யாரோ கூப்பிட்டார்கள், அதுதான் பெயர் போல. கேத வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், அவர் வீட்டில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பைக் குனிந்து பார்த்து, இது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். லிங்க் இருக்கிற எல்லோருக்கும் என்றேன். நாரோயிலுக்குத் தெரியுமா என்றார். நான் காப்பியை ஊதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குத்தியைத் திருகிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார், பிரமு நாகர்கோவிலில்தான் இருக்கிறாள், பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம், கூடப் படித்த பையன், வேற ஆளுக, அன்றைக்கு இந்த வாசலில் வைத்து அவள் துணிமணி எல்லாவற்றையும் இந்த அம்மா தெருவில் போட்டது, அதன்பிறகு அவள் வரவே இல்லை, குழந்தை பிறந்ததுக்கும் இவர்கள் போகவில்லை. அவர் யாரையும் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. உலகம்மாள் கெட்ட மனுஷி இல்லை, பிடிச்சா பிடிச்சதுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். நாகர்கோவில். நான் ஏதோ கடல் தாண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி இருப்பவர்களுக்குத்தானே நாம் வருவது, விசா, டிக்கெட், லீவு கிடைக்கவில்லை. பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருந்துகொண்டு கேமராவில் பார்ப்பது எப்படி இருக்கும். நான் படிப்பில் சேர்ந்த பிறகு அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தம்பியிடம் சொல்வது மாதிரி எனக்குச் சொல்வாள், சாப்பிடச் சொல்லுல அவளை. பிறகு காய்ச்சல் வந்தது எனக்கு, பேச்சு தானே வந்துவிட்டது. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால். அம்மாவும் பிடிச்சா பிடிச்சதுதான். ஆனாலும் செத்தவர் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. பெட்டிக்குள் படுத்திருக்கிறவர் எழுந்து மாற்றிச் சொல்ல முடியாது. அவர் மனசு கடைசியில் மாறியிருக்கலாம் என்று நான் நினைத்தால் அது என் வசதிக்கு நான் நினைப்பது, மாறியிருக்காது என்பதும் அதே. தன் முகத்தை யார் பார்க்கலாம் என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இல்லையா, உண்டு என்று மீடியா எத்திக்ஸ் பாடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த உரிமை எதுவரை. பதில் எழுத அரைப் பக்கம் விட்டிருந்தார்கள்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போனவர்கள் கொட்டுச் சத்தத்தோடு திரும்பி வந்தார்கள். குளிப்பாட்டும்போது கேமராவைத் திருப்பிவிட வேண்டும், யாரும் சொல்லாமலே அது எனக்குத் தெரியும், தெருப்பக்கம் திருப்பி வைத்தேன், மாலை சுமந்த வண்டியும் ஒரு வேப்பங்கிளையும் மட்டும் தெரிந்தன. எங்கள் ஆட்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது, ஜெபம், பாட்டு, பெட்டி, கல்லறைத் தோட்டம். எந்தச் சடங்குக்குப் பிறகு எது என்று நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன். கோடிச்சேலை போர்த்தி வாசலில் பாடையில் கிடத்தினார்கள். கேமராவை மறுபடி திருப்பினேன். வாய்க்கரிசி. தாம்பாளத்தில் அரிசி, சில்லறை, ஒவ்வொருவராக வந்து புறங்கையால் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் மகன், பிறகு மருமகள், கொழுந்தன்மார், சம்பந்திகள். சடங்கு செய்கிறவர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார், அவர் இந்தத் தெருவுக்குப் புதிதோ என்னவோ, பழக்கத்தில் ராகமாகக் கேட்டார். "மகமாரு உண்டுமா? மகமாரு வந்து போடுங்கம்மா." ஒருவரும் அசையவில்லை. கொட்டுக்காரர்கள் கூட அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் எங்கோ பிஸ்கட் கேட்டது. அவர் இன்னொரு முறை கேட்டார், யாரோ அவர் காதில் ஏதோ சொல்ல, தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மைக் திறந்திருந்தது. மஸ்கட்டும் துபாயும் கேட்டிருக்கும். நாகர்கோவில் கேட்டிருக்கும். என் விரல் லேப்டாப்பில் ஓடியது, எங்கே இருக்கிறது அது, அமைப்புகள், சமூகம், மறைத்தது ஒரு அழுத்தில் முடிந்தது, திறப்பதற்கு எத்தனை கதவு, தப்பான பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தேன், கை வேர்த்து டச்பேட் வழுக்கியது, மறைக்கப்பட்ட பயனர்கள், பிரமு, நீக்கு. சாட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முன்பு எழுதியது எதுவும் திரும்பி வராது. கொஞ்ச நேரம் கும்பிடும் கைகளே வந்தன. பிறகு வந்தது. யாராவது பதில் சொல்லுங்க. அடுத்த வரி, என் பேரைச் சொல்லி ஒரு பிடி அரிசி போடச் சொல்லுங்க, யாராவது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருபோதும் முன்னால் வரக்கூடாது. லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தேன், எல்லோரும் பார்ப்பார்கள், செருப்பில்லாத காலில் சிந்தின அரிசி குத்தியது. குற்றாலிங்கம் அண்ணாச்சி பாடையின் தலைமாட்டில் நின்றார். அண்ணாச்சி என்றேன். அவர் திரும்பிப் பார்த்தபோது, நான் படித்த மூன்று வருசமும் ஒரு வாக்கியமாகக் கூட உதவிக்கு வரவில்லை. அவங்க பேரைச் சொல்லி ஒரு பிடி அரிசி போடச் சொல்லி எழுதியிருக்காங்க என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை.

"எடுத்துட்டேன்னு தலைய ஆட்டினியே."

"எடுத்தேன் அண்ணாச்சி. திரும்பச் சேத்துட்டேன்."

அடித்துவிடுவார் என்று தோன்றியது, அப்படி ஒன்றும் அவர் முகத்தில் இல்லை, ஆனாலும் என் தோள் தானாகச் சுருங்கியது. அவர் என் தலைக்கு மேலாகக் கேமராவைப் பார்த்தார். நேராக லென்ஸை. இத்தனை நேரத்தில் அவர் அதைப் பார்த்தது அப்போதுதான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அவளுக்கும் சேத்துத்தான் போட்டேன். அம்மாவுக்குத் தெரியாம."

சங்கு ஊதினார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள், யாரோ என்னை ஓரமாகத் தள்ளினார்கள். திரும்பி வந்து லேப்டாப்பை எடுத்தபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன, முகத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன ஜெயசிங் அண்ணன் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஸ்டூடியோ பெயரில் இருந்து நான் சாட்டில் எதுவும் எழுதக் கூடாது. எழுதினேன். போட்டாச்சு. உங்க அண்ணாச்சி போட்டாங்க. அனுப்பலாமா. அவர் அதை எனக்குச் சொன்னாரா, அவளுக்குச் சொல்லச் சொன்னாரா, கேமராவைப் பார்த்துவிட்டுத்தானே சொன்னார், மைக்குக்கு எட்டாத குரலில் சொன்னாரே. மஸ்கட் மச்சான் படிப்பார். இரண்டாவது வரியை அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்பிவிட்டேன். பாடை தெருமுனை வரை போனதைக் காட்டினேன், அதற்குமேல் பெண்கள் போகக் கூடாது, கேமராவுக்கு ஆண் பெண் இல்லை, எனக்கு உண்டு. தலைகள், தோள்கள், மாலைகள், வளைவில் திரும்பி மறைந்தன. பிரமுவிடமிருந்து பதில் வரவில்லை. சென்னைக்குப் போகப்போவதில்லை என்று எனக்கு அங்கே நிற்கும்போது தெரிந்தது. முடிவு செய்தது மாதிரி இல்லை, முன்பே நடந்துவிட்ட ஒன்றைக் கேள்விப்படுவது மாதிரி. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை, பயம்தான். அங்கே வரிசையாக வருவார்கள், ஒருவருக்கும் எதிர் வீட்டுக்காரி இருக்க மாட்டாள், நாரோயில் என்று சொல்லித்தர யாரும் இருக்க மாட்டார்கள், நான் வேகமாக அழுத்துவேன். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டும், இதையும், இந்தக் கேத வீடுகளையும், பேசாமல் இருந்தால் இருக்கட்டும், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் நானே பேசிக்கொண்டிருப்பேன்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். பந்தலில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம். வயரைச் சுருட்டலாம் என்று உட்கார்ந்தேன். மஸ்கட் போய்விட்டது, துபாய் போய்விட்டது, சாட்டில் கடைசியாக ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெயசிங் அண்ணன் கூப்பிட்டார், லைவ் இன்னும் ஓடுகிறதே, வெறும் தரையைக் காட்டிக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்டார். "ஒருத்தங்க பாத்துட்டு இருக்காங்கண்ணே" என்றேன். அவர் பின்னால் நாதஸ்வரம் கேட்டது. பார்ட்டி ஒண்ணும் சொல்லலையே என்றார். தெரியலண்ணே என்றேன், சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு சொல்லலாம், சொன்னால் உங்களிடம்தான் சொல்வார் என்றேன். பார்த்துக்கொள்வோம் என்று வைத்துவிட்டார். அப்போது பிரமு எழுதினார். தங்கச்சி, அடுக்களையை ஒருதரம் காட்டுவீங்களா. ட்ரைபாடில் இருந்து கேமராவைக் கழற்றினேன். கையில் எடுத்ததும் படம் ஆடியது, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, ஈரத்தரையில் வழுக்காமல் நடந்தேன். அடுக்களையில் யாரும் இல்லை. அணைந்த அடுப்பு, கவிழ்த்து வைத்த பாத்திரங்கள், மாவாட்டுகிற கிரைண்டரின் மேல் மடித்துப் போட்ட ஒரு நூல்சேலை, மருந்துச் சீட்டு சொருகின கம்பி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நின்றேன். நின்ற இடத்தில் அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்காத எதையோ பார்க்கிறார். கையில் விளக்குமாற்றோடு செல்லக்கனி அம்மா வாசல்நிலையில் வந்து நின்றார். என்னையும் கேமராவையும் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவே இல்லை. "பின்வாசலைக் காட்டு. அங்கதான் உக்காந்து படிப்பா" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்து, துருவேறி இறுகிப்போன மேல்தாழை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கதவு திறந்ததும் மொத்த வெயிலும் லென்ஸுக்குள் வந்து விழுந்தது, திரை முழுக்க வெள்ளை, ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் பொறுங்க அக்கா என்று வாய்விட்டுச் சொன்னேன், மைக்கில் அவருக்குக் கேட்டிருக்கும். வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைத்தேன். முதலில் படிக்கட்டின் விளிம்பு தெரிந்தது, பிறகு துவைகல், அதற்கப்பால் ஒரு முருங்கை.